வருங்காலம் மட்டும் போதும்

அந்த சீட்டு வேண்டாமுங்க டீச்சர், ஸ்பிரிங்கு குத்தும். இப்படி என்ற பக்கத்துல வந்து உக்காருங்க. தன்யா, காலை மடக்குடி, டீச்சர் உக்காரட்டும். என்ற புள்ளைங்க, ரெண்டரை வயசாகுது. பையத் தொடுவா, வளையல இழுப்பா, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கம்பெனி பஸ்ஸு ஊரெல்லாம் சுத்தி ஆளேத்திக்கிட்டுப் போய்ச் சேர இன்னும் நேரமாகும்.

நீங்கதான புது இங்கிலீஷ் டீச்சரு? சூப்பர்வைசர் நேத்தே சொன்னாரு. நெம்பச் சின்னப் புள்ளையா இருக்கறீங்க. நான் மகுடீஸ்வரி, நாலாவது லைன்ல ஓவர்லாக் டெய்லரு. என்னையப் பத்தி ஹெச்சாரு நந்தகோபால் சாரு ஏதாச்சும் சொல்லியிருப்பாரே? அந்தப் பொம்பளைகிட்ட வாய் குடுக்காதீங்கன்னு? சொல்லியிருப்பாரு, சொல்லியிருப்பாரு. நீங்க சிரிக்கறதுலயே தெரியுதுங்களே. இருக்கட்டும். நான் ஒண்ணும் சண்டைக்காரி இல்லீங்க. நடந்தத என்ற வாயாலயே கேட்டுக்கோங்க, அப்பறம் இதுல என்ற தப்பு என்னன்னு நீங்களே சொல்லுங்க.

போன சித்திரைலீங்க. வெளிநாட்டு பையரு ஆடிட்டுக்கு ஆள் அனுப்பறாங்கன்னு சேதி வந்துச்சு. பையருன்னா நம்ம தைக்கற பனியன வாங்கிட்டுப் போயி அங்க விக்கறவங்க. அவங்க ஆளு வந்து டெய்லருகளயே நேராக் கூப்பிட்டுக் கேப்பாங்க. ஏனம்மா, ஃபேன் ஓடுதா, குடிக்கத் தண்ணி நல்லாருக்குதா, கிரச்சு இருக்குதான்னு. கிரச்சுன்னா, வேலைக்கு வர்ற பொம்பளைக புள்ளைகள விட்டுட்டுப் போற ரூமு. எங்க கம்பெனிலயும் இருந்துச்சு. போர்டு இருந்துச்சு. யானை, முயலு, பலூனெல்லாம் வரைஞ்ச போர்டு. கதவுல பூட்டு. உள்ள கூரை வரைக்கும் அட்டப்பெட்டி.

அதுக்கு முந்தின ஆடிட்டுல, இருக்குதுன்னு சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. பொண்ணுகளும் இருக்குது இருக்குதுன்னு தலையாட்டுனாளுக. வந்த ஆளு, அப்பக் காட்டுங்கன்னுட்டாரு. மொதலாளிக்கு மானம் போச்சு. அதனால இந்தத் தடவை நந்தகோபால் சாரு மண்டையக் கசக்கி ஒரு யோசனை கண்டுபுடிச்சாரு. இல்லாதத இருக்குதுன்னாத்தான பொய்யி? வரும்னு சொன்னா அது பொய்யில்லையே! எவன் வந்து என்ன கேக்க முடியும்? அதுக்குன்னு ஒரு இங்கிலீஷ் வாத்தியாரக் கூட்டிட்டு வந்தாரு. ஜெபசிங் சாருன்னு, தூத்துக்குடிப் பக்கம். எங்க முன்னாடியே அவருகிட்டச் சொன்னாரு: "சார், நேத்து நடந்ததும் வேண்டாம், இன்னைக்கு நடக்கறதும் வேண்டாம். இவங்களுக்கு வருங்காலம் மட்டும் போதும்."

மத்தியானம் சோறு தின்ன கையோட கட்டிங் டேபிளச் சுத்தி உக்கார வெச்சுப் பாடம் நடக்குமுங்க. ஜெபசிங் சாரு நல்ல மனுசன். மொத நாளே சொன்னாரு, இங்கிலீஷ்ல வருங்காலம் ஒண்ணும் கஷ்டமில்லம்மா, வினை மாறவே மாறாது, முன்னாடி ஒரு வில்லப் போட்டாப் போதும்னு. ஐ வில் கம். வருவேன். சரிங்க. மொதலாளி வருவாருன்னா? ஹி வில் கம். நாய் வரும்னா? இட் வில் கம். எனக்குப் பொறுக்கலீங்க. எந்திரிச்சுக் கேட்டேன், "அட ஏனுங் சார், மொதலாளிக்கும் அதே வில்லு, நாய்க்கும் அதே வில்லா? ஒரு மட்டு மரியாதை வேண்டாமுங்களா?" லைனே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. பாவம், அவரு என்ன பண்ணுவாரு, அந்தப் பாசை அப்படி.

நம்மளதுல பாருங்க, வருவாருன்னு ஒத்த வார்த்தைல ஆளு, மருவாதை, நாளைக்குங்கறது எல்லாம் ஒக்க உள்ளயே இருக்குது. அவங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. மாப்பிள்ளைக்கு முன்னாடி கொட்டு போறாப்பல வில்லு முன்னாடி போவோணும், கம்மு அலுங்காமக் குலுங்காமப் பின்னாடி வரும். வெள்ளக்காரன் ஊரெல்லாம் ஆண்டான், ஒரு வருங்காலம் சொந்தமாச் செஞ்சுக்கத் துப்பில்ல பாருங்க.

ஒருநா ஜெபசிங் சாரு இன்னொரு வருங்காலம் இருக்குதுன்னாரு. கோயிங் டு. ஏற்பாடெல்லாம் கையில இருக்குது, இன்ன பண்ணப்போறோம்னு முடிவாயிருச்சு, அப்பிடின்னா கோயிங் டு போடலாமாம். பின்னாடி நின்னுட்டிருந்த நந்தகோபால் சாருக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "அது வேண்டாம் சார். அதச் சொன்னா ஏற்பாடு எங்கன்னு கேப்பாங்க. வில்லே போதும்"னுட்டாரு. நான் சும்மா இருக்காம, வரமாட்டேன், செய்யமாட்டேன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க சார்னு கேட்டேன். ஜெபசிங் சாரு ஹெச்சாரப் பாத்தாரு. ஹெச்சாரு கூரையப் பாத்தாரு. "அது பாடத்துல இல்லம்மா"ன்னு வாத்தியாரு சொல்லிப்போட்டாரு.

அப்பறமென்ன, மெசின் ஓட்டறப்பவும் அதே பாட்டுத்தான். த ஃபேன் வில் கம். த வாட்டர் வில் பி குட். த கிரச் வில் ஓப்பன். என்ற பக்கத்து மெசினு சுமித்ரா, ஒடிசாக்காரப் புள்ள, அதுக்குத் தமிழே பாதிதான் வரும், அதுகூட வில் ஓப்பன் வில் ஓப்பன்னு சொல்லிக்கிட்டே காலர் மூட்டும். அதுக்கும் ஒரு பையன் இருக்கறான். ரூம்ல தங்கச்சிகிட்ட விட்டுட்டு வரும், அந்தத் தங்கச்சியே பாவாடை கட்டத் தெரியாத புள்ள.

இங்கதானுங்க என்ற கதை வருது. என்ற வூட்டுக்காரரு லாரிக்குப் போறவரு, மாசத்துல பாதி நாளு வடக்க கெடப்பாரு. பாத்துக்க வூட்டுல ஆளில்ல. தன்யாவப் பக்கத்து வூட்டு ருக்மணியக்காகிட்ட விட்டுட்டுத்தான் வருவேன். பொழுதோட போய்க் கூப்பிட்டா எப்பப் பாத்தாலும் தூங்கீட்டிருப்பா. உன்ற புள்ள தங்கமாட்ட, சத்தமே இல்லம்பா அக்கா. எனக்கும் பெருமைதான், என்ற புள்ள சமத்துன்னு. ஒருநா கரண்டு போயி, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, மத்தியானமே எங்கள வூட்டுக்குத் தாட்டி விட்டுட்டாங்க. போய்ப் பாத்தா புள்ள பாயில கெடக்கறா. தூக்குனாத் தலை தொங்குது. கண்ணத் தெறந்து என்னையப் பாத்தா. யாரையோ பாக்கறவளாட்டப் பாத்துட்டு மறுபடி மூடிக்கிட்டா. செல்ஃபுல இருமல் மருந்து பாட்டிலு. "இருமுனா கண்ணு, அதான் ஒரு மூடி ஊத்துனேன்"னா அக்கா. என்ற புள்ளைக்கு இருமலே இல்லீங்க டீச்சர்.

வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிப்போட்டேன். பேசி என்ன? அடுத்த நாளு வெடியால புள்ளைய எங்க விடறது? வேலைய விட்டா அடுப்பெரியாது. இனிமே மருந்து ஊத்துனீன்னா நடக்கறதே வேறன்னு மெரட்டீட்டு, அதே அக்கா கையிலதான் குடுத்துட்டு வந்தேன். பொழுதோட போனா அதே தூக்கம். வாயை மோந்து பாத்தா இனிப்பு வாசம். த கிரச் வில் ஓப்பன்ங்கறது மத்தவளுகளுக்குப் பாடம். எனக்கு அது உசுரு. ரவைக்குப் படுத்தாலும் அந்த ஒண்ணத்தான் சொல்லிக்கிட்டுக் கெடப்பேன்.

ஆடிட்டு வியாழக்கெழமை வந்துச்சு. ஜெர்மனிக்காரம்மா ஒண்ணு, ஒசரமா, செவந்த மூக்கு, பருத்திச் சுடிதாரு போட்டுக்கிட்டு. எங்க டெய்லருகளே இங்கிலீஷ் பேசுவாங்க மேடம்னு நந்தகோபால் சாரு நெஞ்ச நிமித்திச் சொல்லிப்போட்டாரு, அதனால மொழிபெயர்க்க ஆளு வேண்டாம்னுட்டாங்க. பேசறதுக்கு என்னையத்தான் முன்னாடி நிறுத்துனாரு. எங்க லைன்லயே இங்கிலீஷு நமக்குத்தானுங்க சுத்தமா வரும். சத்தம் போட்டுப் பேசுவனில்ல.

அந்தம்மா போர்டக் காட்டி, கிரச்சான்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "எஸ் மேடம். த கிரச் வில் ஓப்பன்." நந்தகோபால் சாரு தலையாட்டுனாரு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "வென்?"னுச்சு.

எப்போன்னு. அது பாடத்துலயே இல்லீங்க. ஆனா ஒரு நல்ல காரியத்தச் சொல்றோம், எதுக்க ஒரு ஆளு நின்னு எப்போன்னு கேக்குது. நாள் சொல்லாம நிக்க முடியுமுங்களா? "டுமாரோ"ன்னுட்டேன். சொன்னதுக்கப்பறம் கூப்பிடாம இருந்தா அது மருவாதையா? நாளையும் சொல்லிப்போட்டு, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டா, நாளைக்கு அந்தம்மா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்? வாய் தானா வந்துருச்சுங்க. "யூ மஸ்ட் கம் மேடம். வித் ஃபேமிலி"ன்னேன். வெறுங்கையோட கூப்பிடக் கூடாதுன்னு, டிபன் பையில கோயில் குங்குமம் எப்பவும் வெச்சிருப்பேன், அதயும் எடுத்து நீட்டுனேன். நான் திட்டம் போட்டுப் பண்ணுனேன்னு செக்கிங் பொண்ணுக இன்னும் சொல்றாளுக. சத்தியமா இல்லீங்க. கை தானா பைக்குள்ள போயிருச்சு. அந்தம்மா ஆசையா வாங்கி, நெத்தில வெச்சுக்கிட்டு, ரெண்டு கையும் கூப்பி, "ஐ வில் கம்"முன்னுச்சு. பாருங்க, அதுவும் வில்லுதான்.

அரை மணி நேரத்துல மொதலாளி ரூமுக்குக் கூப்பாடு. நந்தகோபால் சாரு வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நிக்கறாரு. "இந்தப் பொம்பளை கெடுத்துருச்சு சார். ஒண்ணும் பிரச்சினையில்ல, நாளைக்கு வெடியால அந்தம்மாள டையிங் யூனிட்டுல சாயம் போடறதப் பாக்கக் கூட்டிட்டுப் போயர்லாம். மறந்துரும்." மொதலாளி என்னையப் பாக்கவேயில்ல. அவரத்தான் பாத்தாரு.

"குங்குமம் குடுத்துச்சா?"

"குடுத்துருச்சுங் சார்."

"அந்தம்மா வாங்கிக்கிச்சா?"

"நெத்திலயே வெச்சுக்கிச்சுங் சார்."

மொதலாளி சேர்ல சாஞ்சுட்டாரு. அவரு பழனிக்குப் பாதயாத்திரை போறவரு, நெத்தில எப்பவும் பட்டை இருக்கும். "ஏனப்பா, நாள் சொல்லி, குங்குமம் குடுத்து அழைச்ச காரியத்த நிறுத்தலாமா? சட்டத்தப் பத்தி நீ ஆயிரம் பேசு, வக்கீல வெச்சுப் பாத்துக்கலாம். இத நிறுத்துனா கம்பெனிக்கு ஆகுமா? போன வருசந்தான் ரெண்டு லைனு மூடுனோம்." அப்பிடிச் சொல்லிக்கிட்டே திரும்பிச் செவுத்துல தேதி காலண்டரத் தூக்கிப் பாத்தாரு. பாத்தவரு, அட முருகான்னு தலையில கைய வெச்சுட்டாரு. "நாளைக்கு அஷ்டமிடா!"

அவசரத்துல கெழமையப் பாத்தேன், திதியப் பாக்கலையே! மொதலாளி என்னையப் பாத்து, "ஏம்மா, கூப்பிடறதுக்கு முன்னாடி காலண்டரப் பாக்கோணும்னு தெரியாதா? அஷ்டமில எவனாச்சும் பால் காய்ச்சுவானா?"ன்னு கத்தறாரு. கிரச்சு கெடையாதுன்னு கத்தல பாருங்க. அஷ்டமின்னு கத்தறாரு. நந்தகோபால் சாரு மட்டும் மொகம் தெளிஞ்சு, அப்ப நிறுத்தீர்லாமுங்களா சார்னாரு. "நிறுத்தறதா? இன்னைக்குப் பொழுதோட நல்ல நேரம் இருக்குது. இன்னைக்கே காய்ச்சு!"

அட சாமி, அன்னைக்கு நடந்த கூத்தப் பாக்கோணுமே! அயர்னிங் மாஸ்டருக அட்டப்பெட்டியத் தூக்கறாங்க. பொண்ணுக தரையக் கழுவறாளுக. டீக்கடைல இருந்து அடுப்பு வருது. ரூமுக்கு ஃபேன் இல்லைன்னு, நந்தகோபால் சாரு ரூமுல இருந்த ஃபேனக் கழட்டிட்டு வந்து மாட்டுனாங்க. த ஃபேன் வில் கம்னு சொன்னோம், வந்துருச்சு பாருங்க. புள்ளைக இல்லாத கிரச்சுல யாருக்குப் பால் காய்ச்சறதுன்னு மொதலாளி கேக்க, கம்பெனி வண்டிய அனுப்பிச்சுப் புள்ளைகளக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சுமித்ரா பையன் வந்தான், அயர்னிங் மாரியாத்தா பொண்ணு வந்துச்சு. என்ற புள்ளைய நந்தகோபால் சாரே தோளுல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. நனைஞ்ச துணியாட்ட அவரு தோளுல கெடந்தா.

பால் பொங்குச்சுங்க. எல்லாரும் குலவை போட்டோம். ஜெபசிங் சாரு வேதக்காரரு, அவருகூட ஒரு ஓரமா நின்னு கை தட்டுனாரு. என்ற புள்ள மட்டும் முழிக்கல. அத்தன சத்தத்துலயும், பாயில போட்டது போட்டபடி. அன்னைக்கே வாங்கன்னு கூட்டிட்டு வந்திருந்த அந்த ஜெர்மனிக்காரம்மா குனிஞ்சு பாத்து, கன்னத்தத் தடவி, போட்டோ எடுத்துக்கிட்டு, என்றகிட்ட மெதுவாச் சொல்லுச்சு, "குட் பேபி. ஸோ கொயட்."

என்ன நடந்துச்சுன்னு சொல்லோணும் டீச்சர். மருந்து ஊத்திப்போட்டாங்க மேடம், இது தூக்கமில்லன்னு சொல்லோணும். ஆனா நடந்தது, நடக்கறது ஒண்ணுக்கும் என்றகிட்ட இங்கிலீஷ் இல்லீங்களே! எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் வருங்காலம் ஒண்ணுதான். அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டு அதையே சொன்னேன். "டுமாரோ, ஷி வில் க்ரை. மேடம், ஷி வில் க்ரை." அந்தம்மா, நோ நோ, குட் பேபின்னு என்ற தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போயிருச்சு. என்ற இங்கிலீஷு அதுக்கு நெம்பப் புடிச்சுப் போச்சுன்னு நெனைக்கறேன். அந்தப் போட்டோவப் பெருசாக்கி ரிசப்சன்ல மாட்டியிருக்கறாங்க, நீங்களே பாப்பீங்க. தூங்கற புள்ள, கீழ என்னமோ இங்கிலீஷ்ல எழுதி. நான் அந்தப் பக்கம் போனாத் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். பாத்தா எனக்கு ஆகாதுங்க.

வெள்ளிக்கெழமை ஆடிட்டு முடிஞ்சு அந்தம்மா கெளம்பிருச்சு. சனிக்கெழமை புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு வர்றேன், கதவுல மறுபடி பூட்டு. மொதலாளி பழனிக்குப் போயிட்டாராம். நந்தகோபால் சாரு பல்லக் காட்டிக்கிட்டு, "திறக்கும் மகுடீஸ்வரி, அடுத்த ஆடிட்டுக்குத் திறக்கும். இப்பப் போயி மெசின்ல உக்காரு"ங்கறாரு. அப்ப ஜெபசிங் சாரு மாடிப்படில எறங்கி வந்தாரு. ஓடிப்போய் மறிச்சுக்கிட்டேன். "சார், மாட்டேங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு அன்னைக்குக் கேட்டேன்ல, பாடத்துல இல்லைன்னீங்கல்ல, இப்பச் சொல்லுங்க." அவரு ஹெச்சாரப் பாத்தாரு, என்ற இடுப்புல புள்ளையப் பாத்தாரு. "வில் நாட்" அப்படின்னாரு. தணிஞ்ச குரல்லதான் சொன்னாரு, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஐ வில் நாட்"னு சொல்லிப்போட்டுக் கதவுக்கு முன்னாடி உக்காந்துட்டேன். சுமித்ரா பையனோட வந்து உக்காந்துச்சு. மாரியாத்தா வந்தா. புள்ளை இல்லாதவளுகளும் வந்தாளுக. ஐ வில் நாட், ஐ வில் நாட்னு ஒரே சத்தம். நாலாவது லைன்ல ஒரு மெசினும் ஓடல. தைச்ச பீஸெல்லாம் அன்னைக்குக் கப்பலுக்குப் போகோணும். நந்தகோபால் சாரு மெரட்டுனாரு, கெஞ்சுனாரு, போன் மேல போன் போட்டாரு. பழனியில இருந்து மொதலாளி என்ன சொன்னாரோ, பால் காய்ச்சுன ரூமப் பூட்டுவியாடா மடையான்னுதான் சொல்லியிருப்பாரு, மத்தியானத்துக்குள்ள சாவி வந்துருச்சு. அன்னைக்குத் தெறந்த கதவுங்க. இன்னைக்கு வரைக்கும் தெறந்துதான் இருக்குது.

அப்பறம் நந்தகோபால் சாரு என்னையக் கிரச்சுல புள்ளைகளப் பாத்துக்கற ஆயா வேலைக்குப் போகச் சொன்னாரு, மெசின விட்டு எடுத்துப் போடறதுக்குத்தான். அதுக்கும் ஐ வில் நாட். நான் டெய்லரு, டெய்லராத்தான் இருப்பேன். ஜெபசிங் சாரு மட்டும் அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து வரல. எங்கயாச்சும் பெரிய ஸ்கூல்ல நல்ல வேலை கெடைச்சிருக்குமுங்க. கெட்டிக்கார மனுசன், இந்த பனியன் கம்பெனில எத்தன நாளைக்குக் கெடப்பாரு? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதுதான் கொஞ்சம் வருத்தம்.

சரி, நீங்க சொல்லுங்க. நந்தகோபால் சாரு உங்களுக்கு என்ன பாடம் குடுத்து விட்டிருக்கறாரு? வருங்காலம் மட்டும்தான? அந்த வில் நாட்டச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னிருப்பாரே? நீங்க பயப்படாதீங்க, அது எங்க எல்லாருக்கும் தெரியும், வேணும்னா நாங்க உங்களுக்குச் சொல்லித் தர்றோம்.

அடடா, கம்பெனி கேட்டு வந்துருச்சு. எந்திரிடி தன்யா, எறங்கோணும். என்ன, எறங்க மாட்டியா? பஸ்ஸுலயே இருக்கோணுமா? பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா. அட, டிரைவரண்ணா, எதுக்கு மொறைக்கறீங்க, நீங்க புள்ளையா இருந்தப்ப அழுவலையா? வேண்டாமுங்க டீச்சர், செல்போன உள்ள வெய்ங்க. பாட்டுப் போட்டு அமத்தாதீங்க. என்ற புள்ளைய இனிமே ஒருத்தரும் அமத்த வேண்டாம். அழுவட்டும். கத்துடி என்ற தங்கம், நல்லா நெஞ்சு நெறையக் கத்து. அந்த ஆபீஸ் ரூமு வரைக்கும் கேக்கோணும்.